அங்க அடையாளம்: தழும்பு, சிகிச்சை, சாட்சியம் பற்றிச் சில குறிப்புகள்

1

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதுவதற்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஒதுக்குவார்கள். 1979இல் எங்கள் வகுப்பாசிரியை ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி மச்சம் தேடினார். கன்னத்தில் இல்லையென்றால் புறங்கை, புறங்கையிலும் இல்லையென்றால் முழங்கை. மச்சமே இல்லாத பெண்கள் அழாத குறையாக நின்றார்கள். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘உனக்குத் தேட வேண்டாம்மா’ என்றார். அதில் கேலி கிடையாது. அறுபது பேருக்கு எழுத வேண்டிய ஒருவருக்கு ஓர் இடத்தில் வேலை மிச்சமான நிம்மதிதான் அது. கழுத்தின் இடப்பக்கம் தீத்தழும்பு என்று ஆங்கிலத்தில் எழுதினார். அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதினொரு வயதில் பம்ப் ஸ்டவ் பற்றி எரிந்ததில் வந்த தழும்பு. தாடைக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை எலும்புவரை இறங்கும். பட்ட அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இங்க் ஊற்றினார்கள், இன்னொருவர் தோசை மாவை அப்பினார். பிறகு ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். புண் ஆறியதும் எல்லோருக்கும் பிரச்சனை முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் தொடங்கியது. ஆறிய தோல் தடிக்க ஆரம்பித்தது, சிவந்தது, அரித்தது. ராத்திரியெல்லாம் அரித்தது. அம்மா சோற்றுக் கற்றாழையும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டே, ‘சொறியாதடி, இன்னும் அசிங்கமாப் போயிரும்’ என்பாள். அரிப்பைப் பற்றிய அவளுடைய கவலையும் கடைசியில் பார்வையைப் பற்றியதாகவே இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது இதை எழுதக் காரணம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பது. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் என் நாத்தனார் ஃபோன் செய்தாள். ‘அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ஃபோட்டோ, வீடியோ எல்லாத்துலயும் விழும்ல. இப்பதான் லேசரெல்லாம் வந்திருச்சே, ஒரு தடவ காட்டிப் பாருங்களேன்.’ தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு என்மேல் பிரியம் உண்டு. ஐம்பது வருஷமாக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்த எனக்கே அந்த யோசனை வராமல் போயிருக்காது. ஒரு தோல் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அங்கிருந்து திரும்பி வந்தபின் நான் படித்தவற்றையும் யோசித்தவற்றையும் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

2

தழும்பு என்பது என்ன? தோலின் ஆழமான அடுக்குவரை காயம்பட்டால் உடம்பு பழைய தோலை மறுபடி உண்டாக்குவதில்லை. அவசரத்துக்கு ஓர் ஒட்டுப் போடுகிறது. நார்ச்செல்கள் காயத்துக்குள் வந்து கொலாஜன் என்ற புரதத்தை நெய்கின்றன. நல்ல தோலில் இந்த இழைகள் கூடை பின்னியதைப் போல் குறுக்கும் நெடுக்கும் போகும். தழும்பில் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கிக் கிடக்கும். அங்கே வியர்வைச் சுரப்பி இல்லை, மயிர்க்கால் இல்லை. ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும், இந்த இழைகள் திரும்பத் திரும்பக் கலைத்து அடுக்கப்படுகின்றன. அப்படியும் தழும்பின் வலு பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

சிலருக்கு இந்த நெசவு நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து மேடாகும் தழும்பு ஒரு வகை. காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் கால் பரப்பிப் போவது இன்னொரு வகை. காது குத்திய இடத்தில் கட்டி கட்டியாக வளர்ந்து நம்மூரில் எத்தனையோ பெண்கள் அவதிப்படுகிறார்களே, அது இரண்டாவது வகை. பாரிஸின் சான் லூயி மருத்துவமனையிலிருந்த அலிபேர் என்ற மருத்துவர் 1806இல் இதை விவரித்தார். முதலில் புற்றுநோயைக் குறிக்கும் சொல்லை ஒட்டிப் பெயர் வைத்தவர், பிறகு அந்தக் குழப்பம் வேண்டாமென்று நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கீலாய்டு’ என்று மாற்றினார். வெள்ளைத் தோலைவிடக் கறுத்த, மாநிறத் தோல்களில் இது அதிகம் வருகிறது. வெட்டி எடுத்தால் போய்விடும் என்று நினைத்தால், வெட்டிய காயமே புதிய கீலாய்டுக்கு விதையாகிறது. ஆகவே தழும்புச் சிகிச்சையின் வரலாறு எந்தக் கட்டத்திலும் ‘நீக்கிய’ வரலாறாக இருந்ததில்லை. குறைத்த, தளர்த்திய, இடம் மாற்றிய வரலாறுதான் அது. விளம்பரப் பலகைகளில் உள்ள ‘தழும்பே தெரியாது’ என்ற வாக்கியத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

தமிழில் ‘வடு’ என்ற சொல்லுக்குத் தழும்பு என்றும் பொருள், குற்றம், பழி என்றும் பொருள். ஒரே சொல் இரண்டையும் சுமப்பது தற்செயல் அல்ல. சங்கப் புறப்பாடல்களின் உலகில் மார்பில் பட்ட புண் விழுப்புண், பெருமைக்குரியது. முதுகில் பட்டது பழி. கரிகாலனோடு வெண்ணியில் பொருதபோது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அந்த நாணம் பொறுக்காமல் வடக்கிருந்து உயிர்விட்டான். தழும்பு உடம்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்து ஓர் ஆளின் மதிப்பு எழுதப்படுகிறது. ஆனால் மார்போ முதுகோ, அந்தக் கணக்கு ஆண்களுக்கானது. பெண்ணின் தோலில் விழுந்த தழும்புக்கு விழுப்புண் என்ற பெயர் கிடைக்கும் பக்கமே கிடையாது. அது எங்கே இருந்தாலும் மறைக்க வேண்டியதுதான்.

அரசுக்கு இதில் வேறொரு கணக்கு உண்டு. மறைப்பதல்ல, பதிவதுதான் அதற்குத் தேவை. கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை 1849இல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகு அரசு உடம்பில் எழுதுவதை விட்டு, உடம்பில் ஏற்கனவே எழுதியிருப்பதைப் படியெடுக்க ஆரம்பித்தது. மச்சம், வெட்டுத் தழும்பு, அம்மைத் தழும்பு, உயரம் என்று பதிவேடுகள் பெருகின. எங்கள் ஆசிரியை என்னை மேசையருகே நிறுத்திய நாளின் பூர்வீகம் இதுதான்.

3

தழும்புச் சிகிச்சை பற்றித் தேடிப் படிக்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் ஹிரோஷிமா.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு வெடித்தபோது ஆயிரக்கணக்கான பள்ளி மாணவிகளும் மாணவர்களும் தெருக்களில் இருந்தார்கள். விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு அவர்களை அரசு இறக்கியிருந்தது. வெடிப்பின் வெப்பக்கதிர் முகத்தையும் கழுத்தையும், தற்காப்பாக உயர்த்திய கைகளையும் சுட்டது. கிமோனோவின் கறுத்த பூவேலைப்பாடு வெப்பத்தை அதிகம் வாங்கிக்கொண்டதால் சில பெண்களின் முதுகில் துணியின் கோலம் அப்படியே தோலில் இறங்கியது. பிழைத்தவர்களின் புண்கள் ஆறின. சில மாதங்களில் ஆறிய இடங்கள் தடித்து மேடாகத் தொடங்கின. 1946, 47இல் இது உச்சத்தில் இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. கண்ணிமைகள் மூடவில்லை. தாடை நெஞ்சோடு இழுத்துக்கொண்டது. ‘கெரோய்டோ’ என்று ஜப்பானிய வாயில் திரிந்த அந்த மருத்துவச் சொல் சாதாரண மக்களும் புழங்கும் சொல்லாயிற்று.

இந்தத் தழும்புகளை முதலில் ஆர்வத்தோடு பார்த்தவர்கள் சிகிச்சை தர வரவில்லை. அமெரிக்க அரசு 1947இல் ஹிரோஷிமாவில் வேலையைத் தொடங்கிய அணுகுண்டுப் பாதிப்பு ஆணையம், பிழைத்தவர்களை வண்டியில் அழைத்துப் போய் அளந்து, படமெடுத்து, ரத்தம் எடுத்துத் திருப்பி அனுப்பியது. மருந்து கொடுப்பது அதன் வேலையில் சேராது என்பதே கொள்கை. ஆக்கிரமிப்பு அதிகாரத்தின் பத்திரிகைத் தணிக்கையால் குண்டின் பாதிப்புகளைப் பற்றி ஜப்பானியரே வெளிப்படையாக எழுத முடியவில்லை. ஆக்கிரமிப்பு 1952இல்தான் முடிந்தது. அதாவது தழும்பு ஆராய்ச்சிக்குத் திறந்திருந்தது, செய்திக்கு மூடியிருந்தது. பூக்கோவைப் படித்த யாரும் இந்த இடத்தில் தலையாட்டுவோம். மருத்துவப் பார்வை, கண்காணிப்பு, அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள கூட்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. நானும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். அடுத்து நடந்தது அவ்வளவு எளிதாக அந்தச் சட்டத்துக்குள் உட்காரவில்லை.

ஹிரோஷிமாவின் மெதடிஸ்ட் பாதிரியார் கியோஷி தனிமோதோ, தழும்போடு வீட்டுக்குள் முடங்கியிருந்த இளம்பெண்களைத் தேவாலயத்தில் கூடச் செய்தார். ஜான் ஹெர்சி 1946இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய ‘ஹிரோஷிமா’வில் வரும் ஆறு பேரில் ஒருவர் இவர். ஜப்பானியப் பத்திரிகைகள் அந்தப் பெண்களுக்கு ‘அணுகுண்டுக் கன்னியர்’ என்று பெயர் வைத்தன. அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் நார்மன் கசின்ஸ் இவர்களைச் சந்தித்து, நியூ யார்க்கில் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். மவுண்ட் சினாய் மருத்துவமனை இலவசமாகப் படுக்கை தந்தது. ஆர்தர் பார்ஸ்கி முதலான அறுவை மருத்துவர்கள் கட்டணம் வாங்கவில்லை. 1955 மே மாதம் 25 பெண்கள் அமெரிக்க ராணுவ விமானத்தில் நியூ யார்க் போய் இறங்கினார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு இந்த விஷயத்தில் உள்ளூரக் கலக்கம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1954 மார்ச்சில், பிகினி பவளத்தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்து, செப்டம்பரில் அந்தப் படகின் வானொலி இயக்குநர் செத்திருந்தார். அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிரான கோபத்தை இந்த முகங்கள் கிளறிவிடுமோ என்ற பயம்.

அவர்கள் வந்து இறங்கிய அதே வாரம், மே 11 அன்று, தனிமோதோவை ஒரு பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். விஷயம் என்னவென்று அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதுதான் அந்த நிகழ்ச்சியின் பாணி. நேரலையில் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர், குண்டு போட்ட விமானத்தின் துணை விமானி ராபர்ட் லூயிஸ். இரண்டு பெண்களும் அங்கே வந்திருந்தார்கள், ஆனால் ஒரு திரைக்குப் பின்னால். நேயர்களுக்குத் தெரிந்தது அவர்களுடைய நிழல் மட்டும். அவர்களுக்குச் சங்கடம் நேரக்கூடாதென்று இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. யாருடைய சங்கடம் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த நிகழ்ச்சியை நடத்திய விளம்பரதாரர் ஓர் ஒப்பனைப் பொருள் கம்பெனி. பாதிரியார் தன் ஊர் எரிந்த கதையைச் சொல்லும் நிகழ்ச்சிக்கு நடுவே நகப்பூச்சு விளம்பரம் வந்தது.

இதுவரைக்கும் இந்தக் கதையை ஒரே மூச்சில் கண்டித்துவிடலாம். குண்டு போட்ட நாடு தழும்பைத் துடைத்துத் தன் குற்றத்தைத் துடைத்துக்கொள்கிறது, பெண்ணுடல் அதற்குக் களமாகிறது, லட்சம்பேரில் 25 பேரைத் தேர்ந்தெடுத்து, அதிலும் இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, அழகை மீட்டுத் தருவதாகக் கதையாடல் கட்டப்படுகிறது. எல்லாம் உண்மை. முதியவர்களின் தழும்பையும் ஆண்களின் தழும்பையும் பற்றி யாரும் விமானம் அனுப்பவில்லை.

ஆனால் அந்த அறுவைகளில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. மொத்தம் 138 அறுவைகள். சுருங்கி இழுத்த தழும்பை வெட்டித் தளர்த்தி, தொடையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் தோல் எடுத்து வைத்தார்கள். ஒட்டிய விரல்களைப் பிரித்தார்கள். மூடாத இமையை மூடச் செய்தார்கள். நெஞ்சோடு சேர்ந்த தாடையை விடுவித்தார்கள். ஒட்டுத்தோலின் நிறம் பக்கத்துத் தோலோடு சேராது. அதன் ஓரங்கள் புதிய தழும்பாகத் தெரியும். ‘அழகி’யாகத் திரும்பியவர் ஒருவரும் இல்லை என்றே சொல்லலாம். கண்ணை மூடித் தூங்கவும், கையால் எடுத்துச் சாப்பிடவும், வாயை முழுக்கத் திறக்கவும் முடிந்தவர்களாகத் திரும்பினார்கள். ஒருவர் திரும்பவில்லை. 1956 மே மாதம் ஓர் அறுவையின்போது மயக்க நிலையில் இதயம் நின்று இறந்தார். மற்றவர்கள் அந்த ஆண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களோடு போய்ப் பயிற்சி பெற்ற ஹிரோஷிமாவின் அறுவை மருத்துவர் தோமின் ஹராதா ஊரில் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1956 ஆகஸ்டில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்க்யோ உருவாயிற்று. 1957இல் அவர்களுக்கான மருத்துவச் சட்டம் வந்தது. ஹிதான்க்யோவுக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது நினைவிருக்கும். நியூ யார்க் போய்வந்தவர்களில் சிலரும் பிற்காலத்தில் தங்கள் முகத்தோடு மேடையேறி அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசினார்கள். சிகிச்சை சாட்சியத்தை அழித்துவிடும் என்று பயந்தவர்களும், அழித்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களும் ஒருசேரத் தோற்ற இடம் இது. நன்றாக வாயைத் திறக்க முடிந்தவர்கள் பேசினார்கள்.

நாம் சிறுபத்திரிகைகளில் ‘உடல் ஒரு பிரதி, அதிகாரம் அதில் எழுதுகிறது’ என்று எழுதத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்த வாசிப்பு நமக்குக் கற்றுத் தந்தது கொஞ்சமில்லை. ஆனாலும் பிரதிக்கு அரிப்பு எடுக்காது. பிரதி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கழுத்தைச் சொறியாது. தழும்பை அர்த்தமாக மட்டுமே வாசித்தபோது, அதைச் சுமந்த ஆளின் தேவையை நாமும் ஆணையத்தைப் போலவே பதிவு செய்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறோமோ என்று இப்போது தோன்றுகிறது.

4

இதற்கு நேர் எதிரான ஒரு நிலை இருக்கிறது. தழும்பு குறைந்தால் உயிருக்கே ஆபத்தாகும் நிலை.

இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் சோதனைச் சாவடியில் தமிழ் இளைஞரின் சட்டையைக் கழற்றித் தழும்பு பார்ப்பது வழக்கமாக இருந்தது. ஷெல் பட்ட தழும்பா, மரத்திலிருந்து விழுந்த தழும்பா என்பதைச் சாவடி கேட்பதில்லை. தழும்பு இருந்தால் பயிற்சி எடுத்தவன், சண்டையில் நின்றவன். பிரிட்டனின் புகலிடத் தீர்ப்பாயமே 2007இல், திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தைக் கூட்டும் பன்னிரண்டு காரணிகளின் பட்டியலில் உடம்பில் தழும்பு இருப்பதையும் சேர்த்தது. 2013இல் வந்த தீர்ப்பு அந்தப் பட்டியலை மாற்றியது.

ஊரில் குற்றத்தின் அடையாளமாக இருந்த தழும்பு, லண்டனில் போய் இறங்கியதும் வதையின் சாட்சியமாக ஆக வேண்டும். அதே தழும்புதான், படிப்பவர் மாறுகிறார். அதைப் படிக்க ஓர் இலக்கணமும் உண்டு. 1999இல் ஐ.நா.விடம் அளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, காயத்துக்கும் சொல்லப்படும் வதைக்கும் உள்ள பொருத்தத்தை ஐந்து படிகளாக வைக்கிறது. பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இந்த வதைக்கே உரிய தோற்றம், வேறு எதனாலும் வந்திருக்க முடியாது. உடம்பில் தடயம் இல்லை என்பதால் வதை நடக்கவில்லை என்று ஆகாது என்றும் அது சொல்கிறது. தழும்புகள் காலத்தில் மங்குகின்றன, ஆகவே அளவுகோல் வைத்துப் படமெடுத்துப் பதிய வேண்டும்.

2019 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு. இலங்கைத் தமிழர் ஒருவர், காவலில் பழுக்கக் காய்ச்சிய உலோகக் கம்பியால் கையிலும் முதுகிலும் சுடப்பட்டதாகச் சொன்னார். கையிலிருந்த தழும்புகளின் ஓரம் கலைந்திருந்தது, முதுகில் இருந்தவற்றின் ஓரம் துல்லியமாக இருந்தது. கையில் சுட்டபோது சுயநினைவோடு திமிறினார், முதுகில் சுட்டபோது மயங்கிக் கிடந்தார், அதனால்தான் அந்த வித்தியாசம், அவர் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது என்றார் பரிசோதித்த மருத்துவர். தீர்ப்பாயம் அதே துல்லியமான ஓரத்தை வேறுவிதமாகப் படித்தது. மயக்க மருந்து கொடுத்து, அவருடைய சம்மதத்தோடு, வேறு யாரோ சுட்டிருக்கலாம் என்றது. புகலிடம் வாங்குவதற்காகத் தன் முதுகைத் தானே சுடச் சொன்னவராக அவர் ஆனார். உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. யாராவது அப்படித் தன்னையே சுடக் கொடுப்பது இயல்பிலேயே அரிது என்று சுட்டிக்காட்டி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. அவர் அந்த நாட்டுக்கு வந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எட்டு ஆண்டுகள் ஒரு மனிதர் தன் முதுகைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு அரித்திருக்காதா? ஓர் ஊசி போட்டுத் தழும்பைத் தட்டையாக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? ஆவணம் கைவிட்டுப் போகாமலிருக்க வலியையும் கூடவே வைத்துக்கொள்ளும்படி சட்டம் ஓர் ஆளைக் கேட்கிறது. ‘தழும்பை மறைக்காதே, அது உன் வரலாறு’ என்று மேடையில் பேசும்போது இந்த மனிதரை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. வரலாற்றை முதுகில் சுமக்கச் சொல்வது சுமக்காதவர்களுக்குச் சுலபம்.

5

இனி நான் மருத்துவரைப் பார்த்த கதை.

சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். தொட்டுப் பார்த்துவிட்டு முதலிலேயே சொல்லிவிட்டார். ‘போகாதும்மா. கம்மி பண்ணலாம்.’ பிறகு இரண்டு கேள்வி கேட்டார். ‘அரிப்பு இருக்கா? கழுத்த வலது பக்கம் முழுசாத் திருப்ப முடியுதா?’

ஐம்பது வருஷத்தில் இந்த இரண்டு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கவில்லை. பிரசவம் பார்த்தவர்கள் கேட்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவேன். சாலையைக் கடக்கும்போதும் அப்படித்தான். அது என் நடையின் ஒரு பாங்கு என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படியே நினைத்துவிட்டேன்.

அவர் வழிகளை விளக்கினார். தடித்த இடத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி, சில வாரங்களுக்கு ஒருமுறை. அரிப்பு அடங்கும், மேடு தணியும். 1960களிலிருந்து நடப்பில் உள்ள முறை இது. சிலிக்கோன் தகடு ஒட்டுவது 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளில் பலன் தந்து பரவியது. இறுக்கமான உடை போட்டு அழுத்தம் கொடுப்பது 1970களிலிருந்து வழக்கத்துக்கு வந்தது, நாளில் 23 மணி நேரம் போட வேண்டும். அது இளந்தழும்புக்குத்தான் சரி. ‘உங்களுக்கு அப்பவே போட்டிருக்கணும்’ என்றார். அப்போது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அதைப் பற்றி யாருக்குத் தெரியும்? பிடிவாதமான கீலாய்டுகளை வெட்டியெடுத்து, மறுபடி வளராமலிருக்கக் குறைந்த அளவு கதிர்வீச்சுக் கொடுப்பதும் உண்டு. ஹிரோஷிமாவைப் படித்தபிறகு அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. லேசர், தழும்பில் நுண்ணிய துளைகள் போட்டு மறுபடி ஆறவைக்கும் வகையைச் சொன்னார். சொரசொரப்புக் குறையும், நிறம் ஓரளவு சேரும். நம்முடைய தோலில் லேசரே கறுப்புப் படியச் செய்துவிடுவதும் நடக்கும்.

கழுத்தைத் திருப்ப விடாமல் இழுக்கும் நாருக்கு இதெல்லாம் போதாது. அதற்கு ஓர் அறுவை இருக்கிறது. காகிதத்தை எடுத்து வரைந்து காட்டினார். இழுக்கும் கோட்டின் மேல் ‘இஸட்’ எழுத்தைப் போல வெட்டுவார்கள். இரண்டு முக்கோணத் துண்டுகள் கிடைக்கும். அவற்றை இடம் மாற்றித் தைத்தால் கோட்டின் திசை மாறும், நீளம் கூடும். கோணம் 60 பாகை என்றால் கணக்குப்படி முக்கால் பங்கு நீளம் கூடக் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்துவந்த உத்தி இது.

‘அப்ப தழும்பு கொறையுமா?’ என்று கேட்டேன்.

‘இல்லம்மா. இப்ப ஒரு கோடா இருக்கு. அப்புறம் மூணு கோடா இருக்கும். ஆனா கழுத்து திரும்பும்.’

இந்தப் பதிலைத்தான் நான் அன்றைக்கு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். தழும்பைக் கூட்டிக்கொண்டு ஒரு சிகிச்சை நடக்க முடியும். தழும்பைக் குறைத்துக்கொண்டு ஒன்றும் சரியாகாமலும் போக முடியும். ‘தழும்புச் சிகிச்சை’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் குறைந்தது இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று தழும்பைச் சுமப்பவருக்காகச் செய்வது, மற்றது அதைப் பார்ப்பவருக்காகச் செய்வது. பல சமயம் இரண்டும் ஒரே மேசையில், ஒரே கையால் நடக்கின்றன. அந்த 138 அறுவைகளில் எது எதற்காக என்று பிரித்துச் சொல்ல அந்தப் பெண்களால் மட்டுமே முடிந்திருக்கும். பார்ப்பவருக்காகச் செய்துகொள்வதும் ஒன்றும் இழிவில்லை. தெருவில் நாலு பேர் உற்றுப் பார்க்காமல் நடந்துபோக ஆசைப்படுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எது எதற்காக என்று முடிவு செய்யும் உரிமை, ஃபோட்டோ எடுப்பவருக்கோ ஆணையத்துக்கோ சாவடிக்கோ தீர்ப்பாயத்துக்கோ, நம்மைப் போன்ற எழுதுகிறவர்களுக்கோ உரியதல்ல.

ஊசி ஆரம்பித்துவிட்டேன். இரண்டு முறை போட்டாயிற்று. அரிப்பு பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. ராத்திரி தூங்குகிறேன். லேசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழுத்து அறுவையைக் கல்யாணம் முடிந்து வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. நாத்தனாரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ‘மூணு கோடா ஆகுமா? அதுக்கு எதுக்கு அண்ணி காசக் கொட்டுறீங்க?’ என்றாள். சாலையைக் கடக்கிற விஷயத்தைச் சொன்னேன். ‘இத்தன வருஷமா சொல்லவே இல்லையே’ என்றாள். யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நானும்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

தீக்காயம் பட்ட பெண்கள் நம்மூரில் எத்தனையோ பேர். ஸ்டவ் வெடித்தது என்று போலீஸில் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே ஸ்டவ் வெடித்தது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். அவர்களுடைய தழும்பும் சாட்சியம்தான், அதையும் பலர் அவசரமாக மறைத்துவிடச் சொல்லியிருப்பார்கள். புண் ஆறியதும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பிறகு வரும் ஒரு வருஷம்தான் தழும்பு உருவாகிற வருஷம். அழுத்த உடையும் சிலிக்கோனும் உடற்பயிற்சியும் அப்போதுதான் வேலை செய்யும். இவை அழகுச் சாதனம் அல்ல, தீக்காயச் சிகிச்சையின் பாதி. அரசு மருத்துவமனைகளில் இந்தப் பாதி எவ்வளவு பேருக்குக் கிடைக்கிறது என்பதைப் பற்றி அங்கே வேலை செய்கிறவர்கள் எழுதினால் இந்த விவாதம் என் கழுத்தோடு நின்றுவிடாது.